வளைவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முனை

சென்ற வாரம் செய்முறை வகுப்பு முடியும் நேரத்தில் ஒரு மாணவி, நொதியின் வேகத்தை அளந்து வரைந்த தன் வரைபடத்தை என் மேசையில் விரித்தாள். கோடு தட்டையாகத் தொடங்கும் இடத்தில் பென்சிலை வைத்து, "இந்த இடத்தில் நொதி களைத்துப்போகிறதா, மேடம்?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா. அந்த இடத்தில்தான் அது மூச்சுவிடாமல் வேலை செய்கிறது."

"அப்படியென்றால் வேகம் ஏன் கூடவில்லை?"

மணி அடித்துவிட்டது. இரண்டு வரியில் ஏதோ சொல்லி அனுப்பினேன். அது போதவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

நொதி என்பது உயிர்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் பொருள். அது பிடித்து மாற்றும் பொருள் தளப்பொருள், மாறியபின் கிடைப்பது விளைபொருள். நொதியின் அளவை மாற்றாமல் தளப்பொருளின் செறிவை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், முதலில் வேகமும் அதே விகிதத்தில் ஏறும். பிறகு ஏற்றம் தணியும். கடைசியில் எவ்வளவு ஊற்றினாலும் வேகம் அசையாது. பாடநூல் இதை அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறது: 'நொதியின் செயல்படு மையங்கள் அனைத்தும் நிரம்பிவிடுவதால் வேகம் மாறாமல் நிற்கிறது.' (செயல்படு மையம் என்பது நொதியில் தளப்பொருள் ஒட்டும் இடம்.) இந்த வரி தவறல்ல. ஆனால் அது கோட்டின் கடைசிப் பகுதியை மட்டுமே விளக்குகிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் அந்தக் கோடு ஏன் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நீளமாக வளைகிறது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. எனக்கு அந்த வளைவுதான் முக்கியம். என் மாணவப் பருவத்தில் நான் செய்த ஒரு தவறுதான் அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது.

முதுகலை முதலாண்டில் எனக்குக் கொடுக்கப்பட்டது காரப் பாஸ்பட்டேஸ் என்ற நொதி. அதன் தளப்பொருளாக நாங்கள் எடுத்துக்கொண்டது பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட். நீரில் கரைத்தால் அதற்கு நிறமில்லை. நொதி அதிலிருந்து பாஸ்பேட்டை வெட்டி எடுத்ததும் மிஞ்சுவது பாரா-நைட்ரோபீனால். காரக் கரைசலில் அது நல்ல மஞ்சள். எவ்வளவு மஞ்சளோ, அவ்வளவு வினை நடந்திருக்கிறது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும், நிறமற்ற குழாய்க்குள் அந்த மஞ்சள் மெல்லப் படர்வதைப் பார்க்கும்போது என் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது.

ஏழு குழாய்கள். தளப்பொருளின் செறிவு முறையே 0.02, 0.05, 0.1, 0.2, 0.5, 1, 2 மில்லிமோலார். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிலிட்டர் கலவை, ஒரே அளவு நொதி. சரியாக இருபது நிமிடம் கழித்து ஒவ்வொரு குழாயிலும் இரண்டு மில்லிலிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றினேன். காரம் கூடியதும் நொதி நின்றுவிடும், மஞ்சள் முழுமையாகத் தெரியும். பிறகு 405 நானோமீட்டரில் ஒளி எவ்வளவு உட்கவரப்படுகிறது என்று கருவியில் பார்த்தேன். வந்த எண்கள்: 0.12, 0.30, 0.59, 1.09, 1.57, 1.70, 1.76.

வரைபடத் தாளில் புள்ளிகளை வைத்தபோது மிகவும் மகிழ்ந்தேன். ஏறியது, தணிந்தது, தட்டையானது. பாடநூலில் இருந்ததும் இதுதானே. உச்சத்தில் பாதி வேகம் எந்தச் செறிவில் வருகிறதோ அதுதான் மைக்கேலிஸ் மாறிலி. 1.76-இல் பாதி 0.88. அதற்கு நேர் கீழே 0.15 மில்லிமோலார். பதிவேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அடுத்து செய்ய வேண்டியது தலைகீழ் வரைபடம். வேகத்துக்கும் செறிவுக்கும் தலைகீழ் எண்களை எடுத்து வரைந்தால் வளைவு நேர்க்கோடாகிவிடும் என்று 1934-இல் லைன்வீவரும் பர்க்கும் காட்டிய முறை. என் முதல் மூன்று புள்ளிகளும் அளவுகோல் வைத்தது போல ஒரே கோட்டில் விழுந்தன. அந்தக் கோட்டை நீட்டினேன். அது நேராகப் போய் இரு அச்சுகளும் சந்திக்கும் பூச்சியத்தில் விழுந்தது.

அந்த வரைபடத்தில் கோடு நிலைக்குத்து அச்சை வெட்டும் இடத்தின் தலைகீழ்தான் உச்ச வேகம். வெட்டும் இடம் பூச்சியம் என்றால் உச்ச வேகம் முடிவிலி. ஆனால் பக்கத்துத் தாளிலேயே என் நொதி 1.76-க்கு மேல் ஏற முடியாமல் நிற்கிறது. ஒரே எண்களிலிருந்து வந்த இரண்டு வரைபடங்கள் ஒன்றையொன்று மறுத்தன. அன்று இரவு விடுதியில் தூக்கம் வரவில்லை.

விடை ஒரு பெருக்கலில் இருந்தது. ஒரு மில்லிமோலார் பாரா-நைட்ரோபீனால் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள குவெட்டில் (கருவிக்குள் வைக்கும், ஒளி புகும் சிறு கலத்தில்) ஏறக்குறைய 18 என்ற அளவுக்கு ஒளியை உட்கவரும். என் 0.1 மில்லிமோலார் குழாயில் இருந்த தளப்பொருள் முழுவதும் மாறி, காரம் ஊற்றியதில் மூன்று மடங்கு நீர்த்துப்போனால் என்ன வரும்? 18-ஐ 0.1-ஆல் பெருக்கி மூன்றால் வகுத்தால் 0.60. நான் பார்த்தது 0.59. 0.05-க்கு 0.30 வர வேண்டும், அதேதான் வந்திருந்தது. 0.02-க்கு 0.12, அதேதான்.

முதல் மூன்று குழாய்களிலும் தளப்பொருள் முழுவதும் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. இருபது நிமிடத்தில் பெரும்பகுதி நேரம் நொதி வெறுங்கையோடு நின்றிருக்கிறது. நான் அளந்தது நொதியின் வேகமே அல்ல. நான் ஊற்றிய தளப்பொருளின் அளவைத்தான் திரும்ப அளந்திருக்கிறேன். இரண்டு பங்கு ஊற்றினால் இரண்டு பங்கு மஞ்சள். அதனால்தான் அந்தப் பகுதி அவ்வளவு கச்சிதமான நேர்க்கோடு. அதற்கு மேல், தீர்ந்துபோகாத குழாய்கள் தொடங்கும் இடத்தில், கோடு சட்டென்று திரும்பியிருந்தது. மறுபடி தாளைப் பார்த்தேன். வளைவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முனை இருந்தது. முதல் பார்வையில் என் கண் அதை வளைவாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் வளைவு வரும் என்று எனக்கு முன்பே தெரியும்.

0.15 என்ற அந்த மாறிலி நொதிக்குச் சொந்தமானது அல்ல. அதே சோதனையைப் பத்து நிமிடத்தில் நிறுத்தியிருந்தால் அது 0.1 என்று வந்திருக்கும். நாற்பது நிமிடம் விட்டிருந்தால் 0.3. என் கடிகாரத்தோடு சேர்ந்து மாறும் ஒன்றுக்கு மாறிலி என்று பெயர் வைக்க முடியாது.

மறுவாரம் திரும்பச் செய்தேன். நொதியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன். இந்த நொதி காரத் தாங்கல் கரைசலிலேயே (காரத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் கரைசலில்) வேலை செய்வதால் மஞ்சள் உருவாக உருவாகவே கண்ணுக்குத் தெரியும். நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. குவெட்டைக் கருவிக்குள் வைத்துக் கடைசியாக நொதியைச் சேர்த்து, பத்து நொடிக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொண்டேன். முதல் ஒரு நிமிடத்தின் ஏற்றம் மட்டும்தான் கணக்கு. அதற்குள் மிகக் குறைந்த செறிவுள்ள குவெட்டில்கூடப் பத்தில் ஒரு பங்கு தளப்பொருள் தீர்ந்திருக்காது. இந்தத் தொடக்க வேகம்தான் 'இவ்வளவு செறிவில் இவ்வளவு வேகம்' என்று சொல்லத் தகுந்த ஒரே வேகம், ஏனென்றால் அந்த ஒரு நிமிடத்தில் மட்டும்தான் குவெட்டின்மேல் நான் எழுதிய செறிவு உள்ளேயும் உண்மையாக இருக்கிறது.

நிமிடத்துக்கு வந்த ஏற்றம் இப்படி: 0.026, 0.045, 0.060, 0.072, 0.082, 0.086, 0.088. புள்ளிகளைக் கையால் இணைத்தபோது பென்சில் எங்கும் திரும்பவில்லை. தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போனது. உச்சம் 0.09 அருகே, அதில் பாதி வரும் செறிவு 0.05. முதல் வாரம் நான் அடிக்கோடு போட்ட எண்ணில் மூன்றில் ஒரு பங்கு. தலைகீழ் வரைபடமும் இந்த முறை அதையே சொன்னது.

இனி, ஏன் முனை இல்லை, ஏன் வளைவு என்ற கேள்வி.

வகுப்பில் பலரும் டிக்கெட் கவுண்டரை உவமையாகச் சொல்வார்கள். பத்து கவுண்டர்கள் இருந்தால், எத்தனை பேர் வந்தாலும் ஒரு நேரத்தில் பத்துப் பேருக்குத்தான் டிக்கெட். நானும் பல ஆண்டுகள் இதையே சொல்லிவந்தேன், இப்போது விட்டுவிட்டேன். கவுண்டரை வைத்துக் கணக்குப் போட்டால் வருவது முனைதான். ஐந்து பேர் வந்தால் ஐந்து பேருக்கும் உடனே கிடைக்கும், பத்துப் பேர் வந்தால் பத்துப் பேருக்கும் கிடைக்கும், பதினோராவது ஆள் வந்ததும் சட்டென்று நின்றுவிடும். வரிசை என்று ஒன்று இருந்தால் அப்படித்தான் நடக்கும். குழாய்க்குள் வரிசை இல்லை. காலியாக இருக்கும் நொதியைத் தேடி யாரும் நகர்ந்து போவதில்லை. தளப்பொருளின் மூலக்கூறுகள் நாலாபக்கமும் அலைகின்றன. தற்செயலாகச் சரியான இடத்தில் சரியான கோணத்தில் மோதினால் ஒட்டிக்கொள்கின்றன. நொதி பாதி காலியாக இருக்கும்போதே எத்தனையோ மூலக்கூறுகள் அதைத் தொடாமல் கடந்துபோகின்றன. ஒட்டிக்கொண்டவற்றிலும் சில, மாற்றம் எதுவும் அடையாமல் வந்தபடியே கழன்றுவிடுகின்றன.

அதனால் ஒரே ஒரு நொதி மூலக்கூறின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் நேரக் கணக்கைப் பார்ப்பதுதான் தெளிவான வழி என்று நினைக்கிறேன். அதன் வாழ்க்கையில் இரண்டு வகை நேரம் மட்டுமே உண்டு: காலியாகக் காத்திருக்கும் நேரம், தளப்பொருளைப் பிடித்து வைத்திருக்கும் நேரம். ஒரு விளைபொருள் உருவாக இரண்டும் சேர்ந்து எவ்வளவு ஆகிறதோ, அதன் தலைகீழ்தான் வேகம்.

எண்ணோடு பார்ப்போம். ஒரு விளைபொருளுக்கு நொதியின் பிடிப்பு நேரம் சராசரியாக ஒரு மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட செறிவில் அடுத்த தளப்பொருளுக்காகக் காத்திருக்கும் நேரமும் சராசரியாக ஒரு மில்லிநொடி. மொத்தம் இரண்டு, ஆகவே நொடிக்கு 500 விளைபொருள்கள். செறிவை இரட்டிப்பாக்கினால் மோதல்களும் இரட்டிப்பாகும், காத்திருப்பு அரை மில்லிநொடியாகக் குறையும். ஆனால் பிடிப்பு நேரம் ஒன்றாகவேதான் இருக்கும், ஏனென்றால் உள்ளே போய்விட்ட மூலக்கூறுக்கு வெளியே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெரியாது. மொத்தம் ஒன்றரை, நொடிக்கு 667. பத்து மடங்கு ஆக்கினால் காத்திருப்பு 0.1, மொத்தம் 1.1; நொடிக்கு 909. நூறு மடங்கில் 990. காத்திருப்பு பூச்சியத்தை நெருங்கிக்கொண்டே போகும், ஒருபோதும் தொடாது. பிடிப்பு நேரம் அப்படியே நிற்கும். எவ்வளவு ஊற்றினாலும் நொடிக்கு ஆயிரத்தைத் தாண்ட முடியாததற்கு அதுதான் காரணம்.

மறுபக்கம், செறிவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் காத்திருப்பு பத்து, மொத்தம் பதினொன்று, நொடிக்கு 91. அங்கே நேரம் முழுவதும் காத்திருப்பிலேயே போவதால், செறிவை இரட்டிப்பாக்கினால் வேகமும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கோட்டின் தொடக்கம் நேராகத் தோன்றுவது அதனால்தான்.

மாறாமல் கழன்றுபோகும் மூலக்கூறுகளைக் கணக்கில் சேர்த்தாலும் இந்த வடிவம் கெடுவதில்லை. வீணான வருகைகளையும் கூட்டி, ஒரு விளைபொருளுக்கு ஆகும் மொத்தப் பிடிப்பு நேரத்தை எடுத்துக்கொண்டால், அது செறிவைச் சார்ந்திருப்பதே இல்லை; மொத்தக் காத்திருப்பு நேரம் மட்டும்தான் செறிவுக்கேற்பச் சுருங்குகிறது. இதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்து, கழித்தல் கூட்டல் எல்லாம் முடிந்து மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாடு (வேகம் = உச்ச வேகம் × செறிவு ÷ (மைக்கேலிஸ் மாறிலி + செறிவு)) அப்படியே வெளியே வந்தபோது, பத்தாண்டுகளாகத் தெரிந்த சமன்பாட்டை அன்றுதான் முதன்முறையாகச் சந்தித்தது போல இருந்தது. மைக்கேலிஸ் மாறிலி என்பது காத்திருக்கும் நேரமும் பிடித்திருக்கும் நேரமும் சமமாகும் செறிவு. இதைவிட எளிதாக அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பிடிப்பு நேரம் நொதிக்கு நொதி பெரிதும் மாறுபடும். கார்போனிக் அன்ஹைட்ரேஸ் ஒரு நொடியில் ஏறக்குறையப் பத்து லட்சம் மூலக்கூறுகளை மாற்றிவிடும். லைசோசைமுக்கு ஒன்றை முடிக்கவே ஒன்றிரண்டு நொடி ஆகும்.

இந்தப் பிடிப்பு நேரம் என்ற எண்ணம் புதிதல்ல. 1902-இல் ஏட்ரியன் பிரவுன் இன்வெர்ட்டேஸ் என்ற நொதியை ஆராய்ந்தபோது, சுக்ரோஸின் (நாம் உண்ணும் சர்க்கரையின்) செறிவு மிகுந்த கரைசல்களில் வேகம் செறிவைப் பொருட்படுத்தாமல் நிற்பதைக் கண்டார். நொதியும் தளப்பொருளும் சேர்ந்து ஒரு கூட்டாக, சிறிது நேரமாவது நிலைத்திருக்க வேண்டும். அந்த நேரம்தான் வேகத்துக்கு எல்லை போடுகிறது என்று எழுதினார். அடுத்த ஆண்டே, 1903-இல், பாரிஸில் விக்டர் ஆன்ரி அதைச் சமன்பாடாக்கினார். இன்று நாம் எழுதும் சமன்பாட்டின் வடிவம் அவருடையது. ஆனால் அவர் வினையின் முழு ஓட்டத்தையும் தொடர்ந்து அளந்து அதற்குப் பொருத்தப் பார்த்தார். போகப்போகத் தளப்பொருள் குறையும், விளைபொருள் குவிந்து நொதியை மறிக்கும். கரைசலின் அமிலத்தன்மையும் அவர் கட்டுப்பாட்டில் இல்லை, பி.எச். என்ற அளவையே சோரன்சன் 1909-இல்தான் கொண்டுவந்தார்.

இந்த இடத்தில்தான் பெர்லினில் ஒரு மருத்துவமனையின் சிறிய ஆய்வகத்தில் லியோனர் மைக்கேலிஸும், கனடாவிலிருந்து கடல் கடந்து வந்த மருத்துவரான மாட் மென்டனும் வேலையைத் தொடங்கினார்கள். 1913-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் என்னை மிகவும் ஈர்ப்பது அளவீட்டில் அவர்கள் காட்டிய பொறுமை. ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் செலுத்தினால், சுக்ரோஸ் கரைசல் அந்தத் தளத்தை வலப்பக்கம் திருப்பும். நொதி அதைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைத்த பிறகு அந்தக் கலவை இடப்பக்கம் திருப்பும். இன்வெர்ட்டேஸ் என்ற பெயரே இந்தத் தலைகீழ் மாற்றத்திலிருந்து வந்ததுதான். ஆனால் அப்போதுதான் பிறந்த குளுக்கோஸ் உடனே தன் இறுதி நிலைக்கு வருவதில்லை. அதன் திருப்புதிறன் சிறிது நேரம் மாறிக்கொண்டே இருக்கும். நேரடியாகப் பார்த்தால் கருவி காட்டும் கோணம் பொய்யாகிவிடும். அதனால் அவர்கள் குறித்த நேரங்களில் சிறிதளவு கலவையை எடுத்துக் காரக் கரைசலில் விட்டார்கள். காரம் நொதியை அந்த இடத்திலேயே நிறுத்தியது, குளுக்கோஸின் மாற்றத்தையும் விரைந்து முடித்துவைத்தது. அமிலத்தன்மையை அசிட்டேட் தாங்கல் கரைசலால் பிடித்து வைத்தார்கள். சுக்ரோஸை 0.333 மோலாரில் தொடங்கிப் பாதி பாதியாகக் குறைத்து 0.0052 வரை கொண்டுபோனார்கள். ஒவ்வொன்றிலும் வினையின் தொடக்க வேகத்தை எடுத்தார்கள். பாதி வேகத்துக்கான செறிவு அவர்களுக்கு 0.0167 மோலார் என்று வந்தது.

முதல் வாரம் நான் எதைச் செய்யத் தவறினேனோ அதை அவர்கள் 1913-இலேயே செய்து முடித்திருந்தார்கள். சமன்பாட்டை மனப்பாடம் செய்த எனக்கு, அது எந்தக் கவனத்தின் மேல் நிற்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இப்போது என் வகுப்பில் சமன்பாட்டுக்கு முன்பே இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் நினைவில் வைக்கத் தக்கது. அந்த ஆண்டில் நொதி என்பது புரதமா வேறு எதுவுமா என்றுகூட முடிவாகவில்லை. ஜேம்ஸ் சம்னர், யூரியாவை உடைக்கும் நொதியான யூரியேஸைப் படிகமாக்கி அது புரதம் என்று காட்டியது 1926-இல். அதையும் பலர் உடனே ஏற்கவில்லை. நொதியும் தளப்பொருளும் சேர்ந்த கூட்டைப் பெராக்சிடேஸ் நொதியில் பிரிட்டன் சான்ஸ் நேரடியாகக் கண்டது 1943-இல். அதற்கெல்லாம் முன்பே, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிடிப்பைக் கோட்டின் வளைவிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார்கள். என் முதல் வரைபடம் போல அவர்களுடையதும் முனையோடு வந்திருந்தால், அதில் படிப்பதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

மைக்கேலிஸ் மாறிலியைப் பற்றி ஒரு திருத்தம். அது சிறியதாக இருந்தால் நொதிக்குத் தளப்பொருளின் மேல் 'பற்று' அதிகம் என்று எழுதுகிறார்கள். எப்போதும் அப்படியல்ல. பிரிக்ஸும் ஹால்டேனும் 1925-இல் காட்டியபடி, அந்த எண்ணுக்குள் தளப்பொருள் கழன்றுபோகும் வேகமும் விளைபொருளாக மாறும் வேகமும் சேர்ந்தே இருக்கின்றன. மாறும் வேகம் கழன்றுபோகும் வேகத்தைவிட மிகக் குறைவாக இருந்தால்தான் அதைப் பற்று என்று படிக்கலாம்.

"இந்த எண்ணால் என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது குளுக்கோஸை. இரத்தத்தில் அதன் செறிவு வெறும் வயிற்றில் ஏறக்குறைய 5 மில்லிமோலார். உடலின் பல திசுக்களில் குளுக்கோஸுக்குப் பாஸ்பேட் பூட்டும் ஹெக்சோகைனேஸுக்குப் பாதி வேகம் வருவது 0.1 மில்லிமோலார் அல்லது அதற்கும் கீழே. அதன் முன் 5 இருந்தாலும் 10 இருந்தாலும் அது ஏற்கெனவே உச்சத்தில் நிற்கிறது, வேறுபாடே தெரியாது. கல்லீரலிலும் கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களிலும் அதே வேலையைச் செய்யும் குளுக்கோகைனேஸுக்குப் பாதி வேகம் வருவது 8 மில்லிமோலார் அருகே. 5-இல் அது மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓடுகிறது. 10-க்குப் போனால் பாதியைத் தாண்டிவிடுகிறது. இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியதை உணர வேண்டிய இடத்தில், தட்டைப் பகுதியில் நிற்கும் நொதியால் பயனில்லை. இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் பகுதியில் நிற்கும் நொதிதான் வேண்டும். குளுக்கோகைனேஸ் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானவர்களுக்கு, பிறந்தது முதலே வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு சற்று உயர்ந்த இடத்தில் நிலைகொண்டுவிடுகிறது. (இந்த நொதியின் கோடு சரியான மைக்கேலிஸ் வளைவு அல்ல, லேசான எஸ் வடிவம். எஸ் வடிவக் கோடுகளுக்கும், மிகுந்த செறிவில் தளப்பொருளே நொதியை மறித்துக் கோட்டைக் கீழே இறக்கும் நிலைக்கும் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

இரண்டாவதாகக் காட்டுவது பெனிடோயின், வலிப்புக்குக் கொடுக்கும் மருந்து. இதில் அதே வளைவை மறுபக்கத்திலிருந்து படிக்க வேண்டும். பெரும்பாலான மருந்துகளின் செறிவு, அவற்றைச் சிதைக்கும் கல்லீரல் நொதியின் மைக்கேலிஸ் மாறிலிக்கு மிகக் கீழே இருக்கும். மருந்தளவை இரட்டிப்பாக்கினால் இரத்தத்தில் செறிவும் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். பெனிடோயினின் கதை வேறு. அதன் பயன்தரும் செறிவே வளைவின் மேற்பகுதியில் விழுகிறது. ஒருவருடைய கல்லீரல் நாளுக்கு அதிகபட்சம் 500 மில்லிகிராம் சிதைக்க முடியும், பாதி வேகம் லிட்டருக்கு 4 மில்லிகிராமில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 300 மில்லிகிராம் கொடுத்தால் செறிவு 6-இல் நிலைக்கும். 400 கொடுத்தால் 16. அதன் மேல் வெறும் 50 கூட்டினால் 36. பயன்தரும் எல்லை பொதுவாக 10 முதல் 20 வரை. 36-இல் நோயாளிக்கு நடை தள்ளாடும், கண்கள் நிலைகொள்ளாது. மருந்தளவு எட்டில் ஒரு பங்குதான் கூடியது. செறிவு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இந்த மருந்தின் அளவைச் சிறுகச் சிறுக மட்டுமே உயர்த்தி, இரத்தத்தில் அளந்து பார்ப்பதற்குக் காரணம் இதுதான். இந்தக் கணக்கைப் பலகையில் போடும்போது வகுப்பில் பேச்சுச் சத்தம் நின்றுவிடும்.

அந்த மாணவியிடம் இந்த வாரம் நேரக் கணக்கைச் சொன்னேன். மில்லிநொடிகளைத் தானே கூட்டிப் பார்த்தாள். பிறகு தன் வரைபடத்தை எடுத்தாள். அவளுடைய நொதிக்கும் உச்சம் 0.09, பாதி வேகம் 0.05 மில்லிமோலாரில் வந்திருந்தது. 0.02-க்கும் 0.05-க்கும் இடையில் புள்ளியே இல்லை என்று சுட்டிக்காட்டி, "நடுவில் 0.03 வைத்துப் பார்க்கலாமா, மேடம்? கோடு உண்மையிலேயே வளைகிறதா என்று தெரியும்" என்றாள்.

"முதலில் என்ன வரும் என்று எழுதிவிடு" என்றேன்.

0.09-ஐ 0.03-ஆல் பெருக்கி 0.08-ஆல் வகுத்தாள். பதிவேட்டின் ஓரத்தில் 0.034 என்று எழுதினாள். புதிதாகக் கரைசல் தயாரித்து, குவெட்டைத் துடைத்து, நொதியைச் சேர்த்துக் கருவியை மூடினாள். ஒரு நிமிடம் ஓடும்வரை ஸ்டாப்வாட்சையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 0.033 வந்தது. கருவியைத் திறந்து, குவெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மஞ்சள் அப்போதுதான் தெரியத் தொடங்கியிருந்தது.